தலைதட்டிக் கால் டீஸ்பூன் உப்பு

ஓட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்த சமயம். முதல் முறையாக 21 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம். ஓடும்போது குடிக்கக் கடையில் விற்கும் பானம் வேண்டாம், நானே கலந்துகொள்கிறேன் என்று முந்தைய இரவு உட்கார்ந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு எலுமிச்சம்பழம், பெரிய கரண்டியில் குவித்துக் குவித்துச் சர்க்கரை. சர்க்கரை கூடக் கூட தெம்பும் கூடும் என்பது என் கணக்கு. உப்பு போடவே இல்லை.

பன்னிரண்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் குடித்ததெல்லாம் வயிற்றிலேயே நின்று தளும்பியது. குமட்டல் வேறு. நாக்கு வறண்டிருந்தது, ஆனால் இன்னொரு மடக்கு உள்ளே போகாது. கூட ஓடிவந்த தம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "எவ்வளவு சர்க்கரை போட்டீங்க அக்கா?" என்று கேட்டான். "அளக்கல தம்பி, கண்ணளவுதான்" என்றேன். மீதித் தூரத்தை நடந்தே முடித்தோம்.

வீட்டுக்கு வந்து அதே கரண்டியால் அதே மாதிரி அள்ளிச் சமையல் தராசில் போட்டுப் பார்த்தேன். 150 கிராம். ஒரு லிட்டருக்கு 150 கிராம் என்றால் 15 சதவீதம். ஓடும்போது குடிப்பதற்கான பானங்களில் சர்க்கரை 6 முதல் 8 சதவீதம் வரைதான் இருக்கும். அதற்கு மேல் போனால் இரைப்பை அந்தத் திரவத்தைக் குடலுக்கு மெதுவாகத்தான் அனுப்பும். போய்ச் சேர்ந்த பிறகும் சிக்கல் தீராது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசல், உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். தாகம் தீரக் குடித்ததே தாகத்தைக் கூட்டியது இதனால்தான்.

அன்றிலிருந்து கண்ணளவை விட்டுவிட்டேன். இப்போது நான் கலப்பது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, தலைதட்டிக் கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. தராசு இல்லையென்றால் சர்க்கரையைத் தலைதட்டிய டீஸ்பூனால் 15 முறை போடலாம். ஒரு டீஸ்பூனுக்கு ஏறக்குறைய 4 கிராம் வரும். கால் டீஸ்பூன் உப்பு சுமார் ஒன்றரை கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். தலைதட்டுவது என்றால் நிஜமாகவே கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். குவியலாக எடுத்தால் உப்பு இரண்டு மடங்காகிவிடும், அப்புறம் ஓட்டத்தின் நடுவில் குடிக்கப் பிடிக்காது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கலக்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டுவது ஒரு காரணம். அதைவிட அழகான காரணம் ஒன்று உண்டு. சிறுகுடலின் சுவரில், சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸும் உப்பிலிருந்து வரும் சோடியமும் சேர்ந்தேதான் ஒரு வாசல் வழியாக உள்ளே போகின்றன. அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் 1960-இல் பிராக் நகரில் இதை முன்வைத்தார். வயிற்றுப்போக்கில் உயிரைக் காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குப் பின்னால் இருப்பதும் இதே விஷயம்தான். ஒரு சிட்டிகை உப்புக்குள் இவ்வளவு வேலை நடக்கிறதா என்று படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் கரைசலில் லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போடுவார்கள். ஓட்டக்காரரின் பானத்தைவிடச் சர்க்கரை பாதிக்கும் குறைவு, உப்பு இரண்டு மடங்கு. ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்குமானால் அதுதான் முதலில். என் ஓட்டப் பானத்தை உடம்பு சரியில்லாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

எலுமிச்சைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக டாக்டர் ராபர்ட் கேட் குழுவினர் கலந்த பானம் குடிக்கச் சகிக்கவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள் என்றவர் அவருடைய மனைவி மேரி. அதுதான் கடைகளில் விற்கும் கேட்டரேட் என்ற விளையாட்டுப் பானம் ஆனது. சுவை சாதாரண விஷயமில்லை. பிடிக்காத பானத்தை ஓட்டத்தின் நடுவில் யாரும் போதுமான அளவு குடிப்பதில்லை. எலுமிச்சையின் புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்கும் என்பதால், குடித்தபின் ஒரு வாய் வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிடுவேன்.

சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடலாம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது, மூன்றரைக் கரண்டி போதும். ஆனால் தேன் என்பதால் அது நல்ல சர்க்கரை, இது கெட்ட சர்க்கரை என்று பிரிக்காதீர்கள், ஓடும் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். சலித்துப்போன வாரங்களில் ஆரஞ்சுச் சாறும் தண்ணீரும் சரிபாதி கலந்து உப்பு மட்டும் சேர்ப்பேன். அதில் பொட்டாசியமும் கிடைக்கும்.

இன்னொன்று. இது உட்கார்ந்திருக்கும்போது குடிக்கிற பானம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். அதைத் தாண்டினால்தான் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்திதான்) தேவைப்படும். நான் மணிக்கு அரை லிட்டர், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு என்று குடிக்கிறேன். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

டின்னில் வரும் எனர்ஜி டிரிங்கை முன்பு இரவு வேலையில் நிறைய குடித்திருக்கிறேன். 250 மில்லி டின்னில் பொதுவாக 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும், சாதாரண வகையென்றால் 27 கிராம் சர்க்கரையும் இருக்கும். விழிப்பைத் தருவது முக்கியமாக அந்தக் காஃபின்தான். நீண்ட ஓட்டத்தன்று அந்த விழிப்பு வேண்டுமென்றால், பால் சேர்க்காத தேநீர் ஒரு கோப்பை போட்டு ஆறவைத்து என் லிட்டர் கணக்கில் சேர்த்துவிடுவேன். ஏறத்தாழ 50 மில்லிகிராம் காஃபின் வந்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது வரம்பு. பிள்ளைகளுக்கு இந்தத் தேநீர்க் கலவையை நான் கொடுப்பதில்லை. மாலை ஓட்டத்துக்கும் கிடையாது, ஏனென்றால் குடித்த காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அன்றைய தூக்கம் போய்விடும்.

கலந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுவேன். ஒருமுறை பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனேன், சர்க்கரைத் தண்ணீர் தங்கிய இடம் அது. இப்போது ஓடிவிட்டு வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே வளையத்தைத் தனியாக எடுத்து, வெந்நீரில் தேய்த்து, பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.