ஃப்ரீடாவின் வலது கால்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பொம்மையாகப் பின்னுவதற்கான ஒரு பேட்டர்னை, அதாவது பின்னல் குறிப்புத் தாளை, வாங்கி, இரண்டு மாத காலம் மாலை வேளைகளில் அதனோடு மல்லுக்கட்டிவிட்டேன். பொம்மையின் உயரம் 25 சென்டிமீட்டர்; இரண்டு ஊசி நிட்டிங். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கம்பளி நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தி நூலை எடுத்தேன். பருத்தி அவ்வளவாக இழுபடாது. கண்ணிகளுக்கு, அதாவது பின்னலின் வளையங்களுக்கு, இடையே சந்து விழுந்தால் உள்ளே அடைத்த பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். ஆகையால் வழக்கமாக 4 மி.மீ. ஊசியில் பின்னும் நூலை 3 மி.மீ. ஊசியில் இறுக்கிப் பின்ன வேண்டியதாயிற்று. கட்டைவிரல் வலி தனிக்கதை.

உடலும் தலையும் எந்தப் பொம்மைக்கும் பொதுவானவைதாம். ஃப்ரீடா வந்து சேர்வது புருவத்தில். கூடிய அந்தப் புருவங்களைச் சங்கிலித் தையலில் போடும்படி பேட்டர்ன் சொல்கிறது. போட்டேன், கோபக்கார வாத்தியார் ஒருவர் முறைத்தார். பிரித்துவிட்டு, கறுப்பு எம்பிராய்டரி நூலில் ஓர் இழையை மட்டும் உருவி, காம்புத் தையலில், நடுவே சற்றுத் தாழ்ந்து இருபுறமும் மேலெழுந்து இறங்கும்படி தைத்த பிறகுதான், அவருடைய தன்னுருவ ஓவியங்களில் பறவை சிறகு விரித்ததுபோல் தெரியும் அந்த முகம் கிடைத்தது. மேலுதட்டு மெல்லிய ரோமத்தை அவரே மறைக்காமல் வரைந்தவர் என்பதால், அங்கும் பழுப்பு நூலில் இரண்டு சிறு தையல்கள் போட்டேன். பேட்டர்னில் அது இல்லை.

பேட்டர்னைவிட்டு நான் பெரிதாக விலகியது கால்களில். ஒவ்வொரு காலுக்கும் 14 கண்ணிகள் ஏற்றி 24 வரிசை பின்னச் சொல்லியிருந்தது. இடது காலை அப்படியே முடித்தேன். வலது காலுக்கு ஊசியில் கண்ணி ஏற்றும்போது கை நின்றது. ஃப்ரீடாவுக்கு ஆறு வயதில் போலியோ வந்து வலது கால் மெலிந்து குட்டையாகிவிட்டது. 1925 செப்டம்பரில் அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் மோதிய விபத்தில், முதுகெலும்போடு அதே கால் பல இடங்களில் முறிந்தது. 1953-இல் முழங்காலுக்குக் கீழே அதை வெட்டியெடுத்தார்கள். மறு ஆண்டு ஜூலையில், 47 வயதில், அவர் இறந்துபோனார். வஹாகா மாநிலத்துத் தெவாந்தெபெக் பெண்களின் நீண்ட பாவாடையை அவர் விரும்பி அணிந்ததற்கு மெக்சிகோவின் மரபின்மேல் இருந்த பற்று ஒரு காரணம். அந்தக் காலை மறைப்பது இன்னொன்று. அவர் மறைவுக்குப் பிறகு கணவர் தியேகோ ரிவேராவின் சொல்லுக்கு இணங்க அவர் வாழ்ந்த நீல வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்த அவருடைய உடைமைகளை 2004-இல் வெளியே எடுத்தபோது, அவற்றுள் சித்திர வேலைப்பாடுள்ள சிவப்புத் தோல் பூட்ஸ் போட்ட செயற்கைக் காலும் இருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு இரண்டு கால்களையும் ஒரே அளவில் பின்ன மனம் வரவில்லை. 11 கண்ணிகள் ஏற்றி 22 வரிசையில் நிறுத்தினேன். பக்கவாட்டில் தைத்து மூடும்போது பஞ்சையும் குறைத்தே திணித்தேன். அவர் அந்தப் பாதத்துக்கு உயரம் கூட்டிய காலணி அணிந்ததுபோல, வலது செருப்புக்கு மட்டும் ஃபெல்ட் துணியில் இரண்டு அடுக்கு அடிப்பாகம் வைத்துத் தைத்ததில் இரு பாதங்களும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

பிறகு சிவப்புப் பாவாடை, அதன் அடியில் அகலமான வெள்ளை லேஸ். பாவாடையைக் கட்டியதும் கால்கள் இரண்டும் முற்றாக மறைந்துவிட்டன. வீட்டுக்கு வந்த அக்கா மகள், எந்தப் பொம்மையைக் கண்டாலும் செய்வதைப்போல் முதலில் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சித்தி, ஒரு கால் சின்னதாப் போயிடுச்சே, எண்ணிக்கை தப்பிடுச்சா?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்காரவைத்துப் பேட்டர்ன் தாளைக் காட்டினேன். அதில் வலது கால் என்ற இடத்தில் 14-ஐ அடித்துவிட்டு, ஓரத்தில் 11 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.