முன்பு சொன்னவருக்கு என்ன நடந்தது?

டர்பனில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தபோது, அமோனியாக் குழாயின் வால்வு ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருப்பதைத் தற்செயலாகக் கண்டேன். மூன்று வாரமாக வாயு கசிந்திருக்கிறது. தொழிலாளர்கள் துணியை நனைத்து நனைத்துச் சுற்றிச் சமாளித்திருக்கிறார்கள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, தம்பி" என்று திருநெல்வேலிக்காரரான மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"போன வருஷம் சொன்னவரை நைட் ஷிப்டுக்குத் தூக்கிப் போட்டாங்களே, அண்ணே" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அந்த மாற்றல் தாளில் கையொப்பமிட்டவன் நான். மேலிடம் நீட்டியது, காரணம் கேட்காமல் போட்டுக் கொடுத்தேன்.

வாய் திறப்பதற்கு முன் ஒரு தொழிலாளி பார்ப்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பையோ ஆலோசனைப் பெட்டியையோ அல்ல, தனக்கு முன்னால் பேசியவரின் கதியைத்தான். தென்னாப்பிரிக்காவில் 2000இல் இயற்றப்பட்ட சட்டம், முறைகேட்டையோ ஆபத்தையோ தெரிவித்த ஊழியரை அதற்காக அவர் விருப்பத்துக்கு மாறாக இடம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2017இல் வந்த திருத்தமோ, புகாரை விசாரிப்பதா இல்லையா என்ற முடிவை 21 நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இரண்டில் பின்னதையே நான் பெரிதாக எண்ணுகிறேன், ஏனெனில் தண்டனை இல்லாவிட்டாலும், பதிலே வராத புகார் அடுத்தவரின் வாயையும் அடைத்துவிடும்.

1894இல் இதே டர்பனில், முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி காந்தியின் அலுவலகத்துக்குள் வந்து அழுதார். அங்கிருந்த தமிழ் எழுத்தர் வழியாக அவர் கதையைக் கேட்டறிந்த காந்தி, தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பி, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, இறுதியில் அவருக்கு வேறு முதலாளியையும் தேடிக் கொடுத்தார். தன் மொழியில் பேச முடிந்தது, மரியாதை கிடைத்தது, காரியமும் நடந்தது. இச்செய்தி பரவியபின் ஒப்பந்தக் கூலிகள் பலர் அந்த அலுவலகத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

வால்வை அன்றே மாற்றினோம். இரவு ஷிப்டுக்குப் போனவரைப் பகலுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவர் திரும்பி வந்த காலையில், அனைவர் முன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மதியச் சாப்பாட்டு வேளையில் பொதி கட்டும் பிரிவுப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்து, கன்வேயரின் அவசர நிறுத்தப் பொத்தான் பல நாளாக வேலை செய்யவில்லை என்றார்.