மொட்டுக் குழுவில் நாலு பேர்

ஜூன் 24, திங்கள்

என்னோடு பள்ளி மாற்றிக்கொள்ள யோசிக்கும் பரமத்தி டீச்சரிடமிருந்து போன் இல்லை.

கற்றல் நிலைப்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. நடுவிலிருக்கும் மொட்டுக் குழுவுக்குப் புளியங்கொட்டை கொடுத்து, பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொன்னேன். நாலு பேர். பெரியமனுஷி அத்தனையையும் பாவாடை மடியில் வாரிக்கொண்டாள். அவளே எண்ணினாள், அவளே கூறு கட்டினாள், "முடிச்சிட்டோம் டீச்சர்" என்று அவளே கத்தினாள். ஒருத்தன் ஜன்னலில் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊமைக்கொட்டான் மட்டும் கூறிலிருந்து உருண்டு வந்த ஒரே ஒரு கொட்டையைக் கைக்குள் வைத்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்து வரை தெரியுமா, தெரியாதா? இந்தக் குழுவை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

இல்லை.

ஜூன் 27, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.எம். சார் ஏ.பி.எல். காலத்துக்குப் போய்விட்டார். 2007-ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது அவர் மலையடிவாரப் பள்ளியில் இருந்தாராம். சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படம், தட்டுத் தட்டாக அட்டைகள், பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தரையில் பாய். பிள்ளையே தன் அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவில் போய் உட்காரும். "யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல பாருங்கம்மா. லீவு போட்டு வந்தாலும் விட்ட படியிலேர்ந்து ஏறலாம்."

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பாயில் ஆறு பேர் ஆறு அட்டையோடு உட்கார்ந்தால் அது குழுவா சார் என்றேன். உட்கார்வது சேர்ந்து, வேலை தனித்தனி. சார் மோர் ஊற்றிக்கொண்டார். "அந்தப் பாய்தான் வேணும்மா. சண்டை போடாம பக்கத்துல உட்காரவே ஒண்ணாங்கிளாசுக்கு அரை வருஷம் ஆகுது."

அதுவும் சரிதான்.

ஜூன் 29, சனி

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம். தலைப்பு: குழுச் செயல்பாடுகளின் அவசியம்.

டவுன் பள்ளி டீச்சர் எழுந்து, ஒரே வகுப்பில் அறுபது பேர், பெஞ்சை நகர்த்தவே இடமில்லை, பக்கத்து வகுப்பிலிருந்து சத்தத்துக்குப் புகார் வேறு என்றார். மூத்த சார் ஒருவர், கெட்டிக்காரப் பிள்ளை நேரம் வீணாகிறது என்றார். ஈராசிரியர் பள்ளிக்காரர்கள் நாங்கள் மூலையில் சிரித்துக்கொண்டோம். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்திருப்பவளிடம் குழு வேண்டுமா என்று யார் கேட்கிறார்கள்? அரும்போடு நான் உட்கார்ந்தால் மொட்டும் மலரும் தாமாக ஏதாவது செய்தாக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக்கு டி.டெட். படித்தபோது இரண்டு உளவியலாளர் பெயர் மனப்பாடம். சின்னப் பிள்ளைக்கு அடுத்தவர் நோக்கு பிடிபடாது என்றார் பியாஜே. தெரிந்தவர் துணையிருந்தால் தனியாக எட்டாததும் எட்டும் என்றார் வைகாட்ஸ்கி. பரீட்சையில் இரண்டு பேரையும் எழுதினோம். எந்த வயதில் யாரை நம்புவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு எங்களையே ஆறு ஆறு பேராகப் பிரித்து, சார்ட்டும் ஸ்கெட்ச்சும் கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாக இருந்த புது டீச்சர் முழுவதையும் எழுதினாள். மற்ற ஐந்து பேரும் போனைப் பார்த்தோம். நான் பரமத்திக்காகப் பார்த்தேன்.

ஜூலை 1, திங்கள்

இரண்டு இரண்டு பேராகப் பிரித்தேன். ஒரு ஸ்லேட்டு, ஒரு பல்பம். சொல்பவர் எழுதக் கூடாது, எழுதுபவர் சொல்லக் கூடாது. பெரியமனுஷி ஊமைக்கொட்டானுக்கு ஜோடி. எழுதுவது அவன். "முப்பத்தி நாலு" என்றாள். அவன் 304 போட்டான். அவள் கை பல்பத்துக்குப் போனது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணு பத்துக் கூறு, நாலு உதிரி. நடுவுல எதுக்குடா முட்டை?" என்றாள். எச்சில் தொட்டு முட்டையை அழித்தான்.

முப்பதையும் நாலையும் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறான்! பத்து வரை தெரியுமா என்று நான் கவலைப்பட்ட பிள்ளை.

நாலு பேரில் ஒளிந்துகொள்ளலாம். இரண்டு பேரில் முடியாது. ஏழு வயதுக்கு முன்னால் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றே தோன்றுகிறது.

ஜூலை 3, புதன்

"வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேங்க" என்கிறார் பரமத்தி டீச்சர். இதைத்தான் மே மாசமும் சொன்னார்.

சாயங்காலம் ஆப்பில் மதிப்பீடு. சிக்னலுக்காகப் பள்ளிக் கேட்டருகே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு. வாரமெல்லாம் சேர்ந்து செய் என்கிறோம், மதிப்பெண் போடும்போது பிரித்து நிறுத்துகிறோம். எரிச்சல். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஒரு பாட்டி வந்தார். "எம் பேரன் தன்னை அரும்புங்கறான். எப்ப டீச்சர் மலருவான்?"

சிரித்துவிட்டேன். பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. எந்தப் பாயில் உட்கார்கிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அரும்புப் பாயில் எல்லோரும் எழுத்துக் கூட்டுகிறவர்கள். ஒழுங்காக வாசிக்கும் குரல் அந்தப் பாயில் யாருக்குக் கேட்கும்? கணக்குக்கு அவரவர் நிலைப்படியே குழு இருக்கட்டும், முட்டை எங்கே விழுகிறதென்று எனக்குத் தெரிய வேண்டும். கதைக்காவது கலந்து உட்கார வைக்கலாம்.

ஜூலை 8, திங்கள்

சம்மதமாம்! மனமொத்த மாறுதலுக்கு இந்த வாரமே விண்ணப்பம்.

அவர் கேட்டது: காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா, பிள்ளைகள் எத்தனை பேர். யாரை யாரோடு உட்கார வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். லைன் போய்விட்டது. எழுதிக் கொடுக்கலாம். எழுதினால் அதிகப்பிரசங்கி என்பார்.

ஜூலை 9, செவ்வாய்

விண்ணப்பத்தில் சார் கையெழுத்து வேண்டும். சார் லீவு. ஐந்து வகுப்பும் என்னிடம். நாலாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரை அரும்புக்குக் கதை வாசிக்க அனுப்பினேன். அங்கே யார் புத்தகத்தைப் பிடிப்பது என்று ஏற்கனவே சண்டை.