டிரெய்லர் கூரையின் சோலார் பேனல்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் பாலைவெளியில் டிரெய்லரை (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை) நிறுத்திக் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் பலருக்குக் கூரையிலுள்ள சோலார் பேனல்களே மின்சாரம் தருகின்றன. டிரெய்லரில் அவை பெரும்பாலும் சாய்வின்றிப் பொருத்தப்படுவதால் தூசி தானாக வழிந்து போவதில்லை. அரிதாகப் பெய்யும் மழையும் அதைச் சேறாக்கிச் சட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகிறது. ஆனால் பரவலாகப் படியும் தூசியைவிடப் பறவை எச்சமே பெரிய தொல்லை என்பேன். 100 வாட் பேனலில் வழக்கமாக, ஒளியை மின்சாரமாக்கும் 36 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல் எச்சத்தால் முழுவதும் மூடப்பட்டால், மறைந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடுகள் இரண்டு உள்ள பேனலிலும் ஏறக்குறைய பாதி உற்பத்தி போய்விடும்.

கண்ணாடி குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், மென்மையான தூரிகையும் கனிமம் நீக்கிய நீரும் கொண்டு கழுவுவது நல்லது. கடின நீர் காய்ந்தால் வெண்திட்டுகள் படியும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். ஏணியில் ஏறிய கையோடு, பயண அதிர்வில் தளர்ந்த திருகாணிகளை முடுக்கி, அவற்றைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அந்த வெடிப்பின் வழியே இறங்கும் நீர் கூரைக்கு அடியிலுள்ள பிளைவுட்டை வெளியே தெரியாமலே உளுத்துப்போகச் செய்துவிடும்.