இது யாருடையது, எழுத்தில் என்ன இருக்கிறது?

வலைப்பதிவு ஆரம்பிக்கிறவர்களும் சின்னதாக ஒரு தொழில் ஆரம்பிக்கிறவர்களும் சட்டம் என்று வந்தால் முதலில் கேட்பது "எதை எல்லாம் ரெஜிஸ்டர் பண்ணணும்?" என்பதுதான். நான் வக்கீல் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வம்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்த வரையில், பதிவு பற்றிய கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. அதற்கு முன்னால் கேட்கவேண்டியது: இது யாருடையது, அதைச் சொல்ல என் கையில் என்ன எழுத்து இருக்கிறது? படமோ, லோகோவோ, கடனோ, வாடிக்கையாளரின் போன் நம்பரோ, எதை எடுத்தாலும் தகராறு அங்கேதான் முளைக்கிறது.

படத்திலிருந்து ஆரம்பிப்போம். பதிவின் அடியில் "படம்: இணையம்" என்றோ "நன்றி: கூகுள்" என்றோ போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, அது வெறுமனே இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. காபிரைட், அதாவது பதிப்புரிமை, பற்றி 1886இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன்படி ஒரு படைப்பு உருவானதுமே காபிரைட் வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை, வட்டத்துக்குள் சி என்ற அந்தக் குறியும் தேவையில்லை. ஆகவே குறி இல்லாத படம் பொதுச்சொத்து என்று நினைப்பது தப்புக்கணக்கு. இதில் நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. நேற்று ராத்திரி நீங்கள் எழுதிப் போட்ட பதிவும் யாரிடமும் மனு கொடுக்காமலே உங்களுடையதாகிவிட்டது. ஆனால் உங்கள் வாக்கியங்கள்தான் உங்களுடையவை. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கப் பத்து வழிகள்" என்ற யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; வேறொருவர் அதையே தன் சொற்களில் எழுதினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

அப்போ இன்னொருவர் எழுதியதிலிருந்து ஒரு வரிகூட எடுக்கக்கூடாதா? எடுக்கலாம். பெர்ன் உடன்படிக்கையே மேற்கோளை அனுமதிக்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிறுத்தி, யாருடையது, எங்கிருந்து என்று சொல்லவேண்டும். விமர்சனம் எழுத இரண்டு பத்தி எடுப்பது மேற்கோள். கட்டுரை முழுவதையும் ஒட்டிவிட்டு மேலே "அருமையான பதிவு, படியுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது திருட்டுதான். பாட்டில் முப்பது நொடி வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அப்படிப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

எடுத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள் நல்ல வழி, ஆனால் அதிலும் ஆறு வகை உரிமம் இருக்கிறது. என்சி என்ற எழுத்து இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. என்டி இருந்தால் மாற்றிப் பகிரக்கூடாது. எஸ்ஏ இருந்தால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில்தான் தரவேண்டும். பதிவில் விளம்பரம் ஓடுகிறது, அல்லது நீங்கள் ஏதாவது விற்கிறீர்கள் என்றால் என்சி பக்கமே போகாதீர்கள், வாதாடி ஜெயிக்க வேண்டிய அவசியம் ஒரு படத்துக்காக வேண்டாம். ஆறிலும் பொதுவானது பெயர் சொல்வது: படத்தை எடுத்தவர் பெயர், அது இருக்கும் பக்கத்தின் சுட்டி, உரிமத்தின் பெயரும் சுட்டியும், நீங்கள் ஓரத்தை வெட்டியிருந்தால் "வெட்டப்பட்டது" என்று ஒரு சொல். இதை எழுத அரை நிமிடம் ஆகுமா?

உங்கள் பதிவை இன்னொருவர் அப்படியே சுட்டுப் போட்டால் கமெண்டில் போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். பிறகு அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு முறையான புகார். அமெரிக்காவின் 1998ஆம் வருட டிஎம்சிஏ என்ற இணையக் காபிரைட் சட்டத்தின்படி பெரிய தளங்களில் இதற்கென்றே படிவம் இருக்கும், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதை நிரப்பலாம். பொய்யாக நிரப்பினால் அது உங்கள் தலையில் விடியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி தொழில் பக்கம். லோகோ வரைந்து கொடுத்தவருக்குக் காசு கொடுத்தாயிற்று, அதனால் லோகோ என்னுடையது. இதை நம்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை! பல நாடுகளில் சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்வது பொதுவாக முதலாளியுடையது. வெளியாள், அதாவது ஃப்ரீலான்சர், செய்து கொடுத்தால் எழுதி மாற்றிக் கொடுக்காத வரைக்கும் காபிரைட் வரைந்தவரிடமே இருக்கும். உங்களுக்கு இருப்பது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும். வேலை ஆரம்பிக்கும்போதே ஒரு தாளில் "முழுப் பணமும் பெற்றுக்கொண்டதும் இந்த லோகோவின் காபிரைட் முழுவதையும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்புக்குள் எதற்கு எழுத்து என்று தயங்குவீர்கள். நட்பு இருக்கும்போதுதான் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும். கூடவே மூலக் கோப்பையும், எழுத்துருவுக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

டொமைனும், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரியும், அப்படித்தான். இணையதளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கில் தன் பெயரிலேயே டொமைனை வாங்கி வைத்திருப்பார், நீங்கள் வருடா வருடம் அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். உறவு கெட்டால் கடையின் பெயர்ப்பலகை அவர் வீட்டில் இருக்கும். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறையில் வழக்காடலாம்தான். ஆனால் அதற்கு அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்கிறது என்பதையும், எதிராளி கெட்ட எண்ணத்தோடு வாங்கி வைத்திருக்கிறார் என்பதையும் காட்டவேண்டும். இன்றைக்கே லாகின் செய்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது அதைவிட மலிவு.

கம்பெனிப் பெயரைப் பதிவு செய்துவிட்டேன், அதனால் பெயர் எனக்கு என்பதும் முழு உண்மை இல்லை. கம்பெனிப் பதிவு வேறு, டிரேட்மார்க் வேறு. டிரேட்மார்க்குக்குச் சரக்கும் சேவையும் சேர்த்து 45 வகுப்புகள் இருக்கின்றன, ஒரே பெயர் வெவ்வேறு வகுப்பில் வெவ்வேறு ஆளிடம் இருக்கலாம். பெயர்ப்பலகை அடிக்கிறதுக்கு முன்னால் தேடிப் பாருங்கள்.

விளம்பரம் எழுதும்போது கை தாராளமாக ஓடும். இங்கிலாந்தில் 1891இல் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற ஒரு மருந்துச் சாமானை விற்றவர்கள், சொன்னபடி இதைப் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் நூறு பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்காக வங்கியில் ஆயிரம் பவுண்டு போட்டிருக்கிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். கார்லில் என்ற பெண்மணி வாங்கி, தினம் மூன்று வேளையாகச் சில வாரங்கள் பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. அதெல்லாம் சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது என்றது கம்பெனி. வங்கியில் பணம் போட்டிருக்கிறோம் என்று சொன்ன பிறகு அது சும்மா பேச்சு ஆகாது, கொடு காசை என்றது நீதிமன்றம். இன்ஸ்டாகிராமில் "பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் வாபஸ்" என்று போடுகிறவர்கள் அந்த வரியை ஒருமுறை திரும்ப வாசித்துக்கொள்ளலாம். அப்புறம், காசு வாங்கியோ இலவசமாகப் பொருள் வாங்கியோ விமர்சனம் எழுதினால் அதைப் பதிவின் மேலேயே சொல்லிவிடுங்கள். முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைப்பது சொன்னதாக ஆகாது.

கடன் யாருடையது என்பது இதிலேயே பெரிய கேள்வி. 1896இல் சாலமன் என்ற காலணி வியாபாரியின் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்னது இன்றும் கம்பெனிச் சட்டத்தின் அடித்தளம். அவருடைய கம்பெனியின் 20,007 பங்குகளில் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்று, மீதி எல்லாம் அவருக்கு. கம்பெனி நொடித்தது. கடன்காரர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். கம்பெனி தனி ஆள், சாலமன் தனி ஆள், கம்பெனியின் கடன் அவர் தலையில் ஏறாது என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி ஆரம்பிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் வங்கி நீட்டும் தாளில் தனிப்பட்ட ஜாமீன் என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை சாலமன் கட்டிய சுவர் உங்களுக்கு இல்லை.

இன்னொன்று, கம்பெனியும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து லாபத்தைப் பங்குபோட்டு வியாபாரம் செய்தால் பல நாடுகளின் சட்டத்தில் அதுவே கூட்டாண்மை. தொழிலுக்காக அவர் வாங்கிய கடன் உங்கள் வாசலுக்கும் வரும். ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

பிரைவசி பாலிசியை வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டுவது பெரிய வேடிக்கை. "எந்தத் தகவலும் சேகரிப்பதில்லை" என்று இருக்கும், அதே பக்கத்தில் மின்னஞ்சல் கேட்கும் பெட்டி இருக்கும். ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே முதல் அமலில் இருக்கிறது, அங்கே இருப்பவர்களைக் குறிவைத்து விற்கிறீர்கள் என்றால் நீங்கள் வெளியே இருந்தாலும் பொருந்தும். யாரையாவது பற்றி எழுதும்போது "என்று கேள்விப்பட்டேன்" என்று சேர்த்துக்கொண்டால் அவதூறு ஆகாது என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

வக்கீலுக்கு எப்போது காசு செலவழிக்கலாம்? கூட்டு ஒப்பந்தத்துக்கும் ஜாமீன் கையெழுத்துக்கும் கட்டாயம். நோட்டீஸ் வந்தாலும் அப்படித்தான். வந்த அன்றைக்கே பதிவையோ மின்னஞ்சலையோ அழித்துவிடாதீர்கள், கோபத்தில் பதிலும் போடாதீர்கள். பதில் தரவேண்டிய கடைசித் தேதி எது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, உறையோடு எடுத்துப் போங்கள்.