ஸ்கார்பரோ கொல்லையில் ஏழு மீட்டர் கம்பம்

கனடாவுக்கு வந்து இறங்கியதும் செய்ய வேண்டியவை என்று எல்லாரும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். சின் நம்பர், வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்டு, டிரைவிங் டெஸ்ட், பனிக்கு நல்ல பூட்ஸ். அமெச்சூர் ரேடியோ பித்துப் பிடித்தவனுக்கு, அதாவது வீட்டிலிருந்தே உலகத்தோடு வானொலியில் பேசும் ‘ஹாம்’ ஒருவனுக்கு, அதில் இன்னொரு வரியும் உண்டு, அதை யாரும் எழுதித் தருவதில்லை: ஆன்டெனாவை எங்கே கட்டுவது?

சென்னையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மொட்டை மாடி இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் செப்புக் கம்பி. ஒரு முனை எங்கள் கைப்பிடிச் சுவரில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். தேங்காய் பறிக்க ஆள் வரும் நாட்களில் மட்டும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் மொட்டை மாடி கிடையாது. சரிந்த ஓட்டுக்கூரை, பாதி வருஷம் அதில் பனி. வாசலில் நிற்கும் மேப்பிள் மரம் நம் வீட்டு முன்னால் நின்றாலும் நகராட்சிக்குச் சொந்தம். பின்பக்கம் ஒடுக்கமான கொல்லை, அதன் எல்லையோரம் தலைக்கு மேல் மின்கம்பிகள். முதல் சில வருஷங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னல் வழியாக ஒரு கம்பியை வெளியே விட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததோடு சரி. அனுப்புவது பற்றியெல்லாம் சொந்த வீடு வாங்கிய பிறகுதான் யோசிக்க முடிந்தது.

அதற்குள் லைசென்ஸ் வேலையை முடித்துவிட்டேன். கையில் வியூ3 என்று தொடங்கும் இந்தியக் கால்சைன், அதாவது ரேடியோவில் சொல்லும் அடையாளப் பெயர், இருந்தது. ஆனால் இங்கேயே குடியிருந்து இயக்குவதற்கு இந்த ஊர்ச் சான்றிதழ்தான் சரி. தேர்வில் 100 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கேள்வி வங்கி முழுவதையும் அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது. 70 வாங்கினால் பாஸ். ஆனால் வெறும் 70 வாங்கினவருக்கு 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் அனுமதி, அதாவது அக்கம்பக்கத்து ஊர்ப் பேச்சு. கடல் தாண்டிப் பேசும் ஷார்ட்வேவ் பேண்டுகள் வேண்டுமென்றால் 80 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகத் தட்டும் குறி) தேர்வோ அட்வான்ஸ்டு தேர்வோ எழுத வேண்டும். 35 எடுத்தால் போதும் என்று வளர்ந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது. தேர்வு வைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தன்னார்வலர். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார வைத்து, அங்கேயே திருத்தி, டீயும் கொடுத்து அனுப்பினார். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். புதுப்பிக்கவும் வேண்டாம், வருஷக் கட்டணமும் இல்லை. சென்னையில் இதே காகிதத்துக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆன்டெனா. இந்தக் கொல்லையில் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அந்த அலைநீளத்து அலைவரிசைக்கு, முழு டைபோல் (இரண்டு பக்கமும் சமமாக நீளும் கம்பி) கட்ட இடமில்லை. அதற்கு 20 மீட்டர் நீளம் வேண்டும். ஒரே திசைக்கு அனுப்பும் சுழலும் பீம் ஆன்டெனா வைக்கக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குப் பணமும் வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். மிச்சமிருந்தது மல்டிபேண்ட் வெர்டிகல்தான், அதாவது பல பேண்டுகளுக்கும் உதவும், செங்குத்தாக நிற்கும் கம்பம். நான் வாங்கியது ஹஸ்ட்லர் 6-பிடிவி: ஏறத்தாழ 7.3 மீட்டர் உயரம், 80, 40, 30, 20, 15, 10 என ஆறு பேண்டுகள், ஒரே அலுமினியக் கம்பம். 15 மீட்டருக்குக் குறைந்த ஆன்டெனா என்றால் வீட்டுக்காரர் இங்கே அக்கம்பக்கத்தாரையும் நகராட்சியையும் கலந்து பேசும் நடைமுறைக்குள் போக வேண்டியதில்லை. அதுவும் ஒரு நிம்மதி.

வெர்டிகலைப் பற்றி ஹாம்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு: எல்லாத் திசையிலும் சமமாக மோசமாக வேலை செய்யும் ஆன்டெனா. கேட்டவுடன் சிரிப்பு வரும், ஆனால் பாதிதான் உண்மை. மோசமாக வேலை செய்வது பெரும்பாலும் கம்பம் அல்ல. கம்பத்துக்குக் கீழே இருக்க வேண்டியது இல்லாததுதான் காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே கம்பம் ஆறு பேண்டில் வேலை செய்வது எப்படி என்று என் பெண் கேட்டாள். கம்பத்தில் ஆங்காங்கே தடித்து இருக்கும் உருளைகளுக்கு டிராப் என்று பெயர். உள்ளே ஒரு காயில், ஒரு கெபாசிடர். 10 மீட்டர் பேண்டில் அனுப்பும்போது கீழேயிருக்கும் டிராப் கதவைச் சாத்திவிடும். மின்னோட்டத்துக்கு அதற்கு மேலே கம்பமே இல்லாத மாதிரி. அலைவெண் குறையக் குறைய ஒவ்வொரு கதவாகத் திறக்கும். திறந்த டிராப் வெறும் காயிலாக நடந்துகொள்வதால், பத்து மீட்டருக்குக் கிட்டத்தட்ட உயர வேண்டிய 40 மீட்டர் கம்பம் ஏழு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கலுக்கு விலையும் உண்டு. 80 மீட்டரில் பேண்டின் ஒரு சிறு துண்டில் மட்டுமே நன்றாக ஒத்திசையும். மேலே பேச்சுப் பகுதி வேண்டுமா, கீழே மோர்ஸ் பகுதி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்து உச்சிக் குச்சியின் நீளத்தை வைக்க வேண்டும். நான் மோர்ஸ் பக்கம் போனேன்.

குழி வெட்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் என்ற சேவைக்குச் சொல்ல வேண்டும். இலவசம், ஆனால் கட்டாயம். ஆள் வந்து புல்தரையில் வண்ணம் தெளித்துவிட்டுப் போவார்: மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு டெலிபோன் கேபிள், நீலம் தண்ணீர். கொல்லை ஹோலிப் பண்டிகை மாதிரி ஆகிவிடும். அடிக்குழாயை நாலடி ஆழத்துக்கு இறக்கி கான்கிரீட் போட்டோம். இந்த ஊரில் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். மேலோட்டமாக நட்டதை வசந்தத்தில் மண்ணே மேலே தள்ளிவிடும். நடும் இடத்தை முடிவு செய்ததில் மின்கம்பிக்குத்தான் முதல் மரியாதை. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தொடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கம்பம் நின்ற அன்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தொட்டவர்.

"தம்பி, உதென்ன? கொடி ஏத்தப் போறியளோ?"

"ரேடியோ ஆன்டெனாண்ணா."

"கேக்கிறதுக்கோ, கதைக்கிறதுக்கோ?"

"ரெண்டுக்கும்தான். லைசென்ஸ் இருக்கு."

வேலியைப் பிடித்துக்கொண்டு கம்பத்தை உச்சி வரை பார்த்தார். "ஊரிலை எண்டா உதை நட்ட அண்டைக்கே ஆரோ ஒரு பகுதி வந்து நிண்டிருக்கும்," என்றார். அப்புறம் அவரே தொடர்ந்தார். 1990-களில் வடக்குக்குப் பேட்டரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்பார்களாம். வேரித்தாஸ், பிபிசி தமிழோசை. "சுத்துறவன் களைச்சுப் போனால் செய்தியும் நிண்டிடும். முக்கியமான இடத்திலைதான் களைப்பான்." இந்தக் கம்பத்தில் தமிழோசை கேட்குமா என்று கேட்டார். அந்த வானொலி ஒலிபரப்பு 2017-இலேயே நின்றுவிட்டதைச் சொன்னேன். "அப்ப வேறை என்ன இருக்கு?" என்று வேலியைச் சுற்றி வந்துவிட்டார். ரேடியல் போடும் வேலைக்கு அன்றிலிருந்து எனக்கு ஆள் கிடைத்தது.

இந்த ரேடியல்கள்தான் முழுக் கதையும். வெர்டிகல் என்பது ஆன்டெனாவின் ஒரு பாதி. மறுபாதி தரை. அனுப்பும் மின்னோட்டம் கம்பத்தில் ஏறும் அளவுக்கு அடியிலும் திரும்பி வந்து சேர வேண்டும். அது மண் வழியாகவே வந்தால் மண்ணைச் சூடாக்கிவிட்டுத்தான் வரும். அதற்காகக் கம்பத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் செப்புக் கம்பிகளை விரித்து ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறோம். ஆர்சிஏ நிறுவனத்தின் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 1937-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. ஏஎம் வானொலி நிலையங்கள் 120 ரேடியல்களைப் புதைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நீளமான நாலைந்து கம்பிகளைவிடக் குட்டையான பல கம்பிகள் மேல். நான் எட்டில் தொடங்கி 32 வரை போனேன். புல்லைக் குட்டையாக வெட்டிவிட்டு, கம்பியை விரித்து, கொண்டை ஊசி வடிவத்தில் வளைத்த இரும்பு முளைகளால் தரையோடு அழுத்தினால் போதும். ஒரு கோடையில் புல் அதை விழுங்கிவிடும். கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு எஸ்டபிள்யூஆர்; 1 என்றால் முழுப் பொருத்தம். எட்டு ரேடியலோடு அளந்தபோது அது 1.1, மீட்டர் முத்துப் போலக் காட்டியது. ரேடியலைக் கூட்டக் கூட்ட அது 1.4-க்கு ஏறியது. பார்ப்பவருக்கு வேலை கெட்டுப்போன மாதிரித்தான் தெரியும். உண்மை நேர்மாறு. கால் அலைநீள வெர்டிகலின் சொந்த மின்தடை சுமார் 36 ஓம். கேபிளுக்குப் பிடித்தது 50. மீட்டர் சரியாக 50 காட்டுகிறது என்றால் மிச்சம் 14 ஓமை மண் சேர்த்திருக்கிறது. அனுப்பும் சக்தியில் கால் பங்குக்கு மேல் மண்புழுக்களுக்குப் போகிறது. குட்டையாக்கப்பட்ட டிராப் ஆன்டெனாவில் 40, 80 மீட்டர்களில் கணக்கு இன்னும் மோசம். எஸ்டபிள்யூஆர் அழகாக இருக்கிறது என்று ரேடியலே போடாமல் விட்டவர்கள்தான் அந்தப் பழைய கிண்டலைப் பரப்புகிறார்கள் என்பது என் சந்தேகம்.

வெர்டிகலின் நிஜமான குறை இரைச்சல். வீட்டு மின்சாதனங்கள் கக்கும் குப்பையை அது டைபோலைவிட அதிகமாக வாங்கும். முதல் வாரம் 40 மீட்டரில் ஒரே சீற்றம். ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டு மின் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது: பூஜை அலமாரியில் சாமி படங்களைச் சுற்றியிருந்த சீரியல் விளக்கின் அடாப்டர். "உங்க ரேடியோவுக்காக முருகனை இருட்டில் வைக்க முடியாது," என்றாள் மனைவி. அடாப்டரை மாற்றி, கேபிளை இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றியதும் முருகனுக்கும் வெளிச்சம், எனக்கும் அமைதி.

சரி, ஊர் கேட்டதா? டொரொண்டோவிலிருந்து சென்னை சுமார் 13,400 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்துக் கிழக்கே என்று நினைப்போம். பூமி உருண்டை என்பதால் குறுக்குவழி கிட்டத்தட்ட வடக்கே, கிரீன்லாந்து மேலாக ஏறி ரஷ்யா வழியாக இறங்குகிறது. அதாவது துருவ ஒளி வளையத்தை ஊடுருவித்தான் போக வேண்டும். சூரியன் கொஞ்சம் முறைத்தாலும் அந்த வழி அடைத்துவிடும். 2024 மே 10 இரவில் ஒன்டாரியோ முழுக்க வானத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் திரை ஆடியபோது எங்கள் தெருவே வெளியே நின்று படமெடுத்தது. நானும்தான் எடுத்தேன். உள்ளே போய் ரேடியோவைத் திருப்பினால் எல்லாப் பேண்டும் செத்துக் கிடந்தன.

வழி திறக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பொங்கல் சமயத்தில் சென்னையில் சூரியன் மறைவதற்கும் இங்கே உதிப்பதற்கும் இருபது நிமிடம்தான் இடைவெளி. இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் பகலும் இரவும் சந்திக்கும் அந்திக்கோட்டில் நிற்கும். அப்போது கீழ் பேண்டுகளில் சமிக்ஞை வழக்கத்தைவிட நன்றாக எழும். போன தை மாதம் காலை ஏழரை மணிக்கு, வெளியே பனி அள்ள வேண்டியது குவிந்து கிடக்க, 20 மீட்டரில் மோர்ஸில் சென்னைப் பழைய நண்பர் ஒருவரைப் பிடித்தேன். 100 வாட். சமிக்ஞை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, துருவ வழிக்கே உரிய நடுக்கத்தோடு. "பொங்கல் ஆச்சா?" என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார். வாட்ஸ்அப்பில் முந்தின நாள்தான் இதே ஆளோடு அரை மணி நேரம் பேசியிருந்தேன். இருந்தாலும் பதில் தட்டும்போது கை சரியாக ஓடவில்லை.

பேச்சும் மோர்ஸும் எட்டாத நாட்களுக்கு எஃப்டி8 இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் கொண்டுவந்த முறை. பதினைந்து விநாடித் துண்டுகளாக, காதுக்கே கேட்காத சமிக்ஞையையும் கணினி படித்துவிடும். அரட்டை அடிக்க முடியாது என்பதால் எனக்கு அது சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் எந்தப் பேண்ட் எந்த நேரம் எந்த ஊருக்குத் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

புதிதாக வந்து இதில் இறங்க நினைப்பவர்கள் வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கான்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் அதன் விதிகளைப் படியுங்கள், பல இடங்களில் வெளியே எதையும் கட்டவிடமாட்டார்கள். கோடை இடி மழைக்கு முன் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். ஆன்டெனாவின் தரைக் கம்பியை வீட்டு மின் இணைப்பின் தரைக் கம்பியோடு இணைக்க ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரேடியல் போடுவதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தரை இன்னும் கல்லாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அண்ணனின் பேரன் இப்போது கேள்வி வங்கியைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். 80-க்கு மேல் எடுத்தால் என் ரேடியோவில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இதற்கிடையில் எதிர்ப்பக்கத்து வீட்டுக் கூரையில் போன வாரம் சோலார் பலகைகள் ஏறியிருக்கின்றன. வெயில் வந்தவுடன் 20 மீட்டரில் புதிதாக ஒரு முணுமுணுப்பு. அந்த வீட்டுக்காரரிடம் இன்னும் பேசவில்லை. ஃபெரைட் வளையங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அவை வந்ததும் கையில் ஒரு டப்பா முறுக்கோடு போய்க் கதவைத் தட்டலாம் என்று இருக்கிறேன்.