அப்பாருவின் பெட்டி ஜீப்: பட்டறை நாட்குறிப்பு

21 ஜனவரி 2024, ஞாயிறு

மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதினெட்டு வருசமாக நின்ற வண்டியை இன்று வெளியே இழுத்தோம். நாலு டயரும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தால் பின்சக்கரம் இரண்டும் சுற்றாமல் மண்ணை உழுதுகொண்டு வந்தன. பிரேக் டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டத் தட்ட, துரு உதிர்ந்து ஒரு வழியாக விட்டது.

1974 மாடல் மகிந்திரா, நீளச் சேசிஸ். அப்பாரு, அதாவது என் தாத்தா, கடைசி வரைக்கும் பழைய அமெரிக்க ஜீப் கம்பெனியின் பேரில் ‘வில்லீஸ்’ என்றுதான் சொல்வார். பின்பக்கம் வேப்பம்பலகையில் பெட்டி கட்ட வைத்தது அவர்தான். ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை, காங்கேயத்துக் களங்களுக்குத் தேங்காய், சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குக் காளைக்கன்று எல்லாமே இந்தப் பெட்டியில்தான் போயின. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதில்தான்.

அப்பா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஓடுற மாதிரி பண்றதுன்னா பண்ணு கண்ணு. தொடச்சு நிறுத்தி வெக்கறதுக்குன்னா வேண்டாம்.”

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். தாராபுரம் ரோட்டில் ஒரு வாரமாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம். மெக்கானிக் அண்ணனும் காவடியோடு போய்விட்டார். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

இன்று இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். இது 2199 சிசி பெட்ரோல் இன்ஜின், ஹரிகேன். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் ஹெட்டில் இருக்கும். புகை வெளியே போகிற வால்வுகள் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கிலேயே இருக்கும். அதனால்தான் இன்ஜின் இவ்வளவு உயரம். அதை மூடத்தான் அந்தக் கால ஜீப்புக்குப் பானட்டைத் தூக்கி வைத்தார்கள். அழகான அமைப்பு, ஆனால் ஒரு பலவீனம் உண்டு. சூடு அதிகமானால் புகை வால்வு உட்காரும் இடத்தில் விரிசல் விழும். ஹெட்டில் விழுந்தால் ஹெட்டை மாற்றிக்கொள்ளலாம். பிளாக்கில் விழுந்தால் என்ன செய்வது?

அண்ணனுக்கு மூன்றாவது சிலிண்டர் மேல் சந்தேகம். மேல்பரப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊற விட்டார். அப்புறம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினார். வெள்ளைப் பொடி மேல் ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மெல்ல, மயிரிழை போல ஒரு கோடு ஈரமாக எழும்பியது. வால்வு சீட்டில் தொடங்கி சிலிண்டர் சுவர் வரைக்கும். துடைத்துவிட்டு மறுபடி தூவினாலும் அதே இடத்தில் அதே கோடு. “அவ்வளவுதானுங்க தம்பி” என்றார் அண்ணன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2006-ல் அப்பாருவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனது இந்த வண்டியில்தான் என்று எனக்குத் தெரியும். ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. “பல்லடம் தாண்டும்போதே ஆவி அடிச்சுதுங் கண்ணு. தண்ணி ஊத்த நின்னா நேரமாயிரும்னு நிக்கவே இல்ல.” அப்பாரு அதற்குப் பிறகு நாலு வருசம் இருந்தார். அந்தக் கோடு எப்படி விழுந்தது என்று தெரிந்த பிறகு அதன் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

இதே மாதிரிப் பெட்ரோல் பிளாக் தேடலாமா, டீசலுக்கு மாறலாமா என்று ஒரு வாரம் யோசனை. பழைய வண்டியை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கிடைக்கிற பழைய பிளாக்குக்கும் ஐம்பது வயது. அதிலும் இதே கோடு இருக்காது என்று யார் சொல்ல முடியும்? பெட்ரோலும் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. சுமை இழுக்க வேண்டிய வண்டி இது.

மகிந்திராவின் எம்.டி.ஐ. டீசல் இன்ஜின் என்று முடிவானது. 2523 சிசி, நாலு சிலிண்டர். இன்டர்நேஷனல் கம்பெனி டிராக்டர் இன்ஜினின் வழியில் வந்தது. டிராக்டர் பார்க்கிற மெக்கானிக் யாராக இருந்தாலும் இதைப் பிரித்துப் போடுவார். எங்கள் ஊருக்கு அதுதான் முக்கியம்.

எரிபொருளே மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யும் காலாவதியாகிக் கிடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பம் போடுகிறேன். பட்டறையில் பலரும் “அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க” என்கிறார்கள். எனக்கு அது சரிப்படாது. ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான்.

18 மார்ச், திங்கள்

கோயமுத்தூர் உக்கடம். பழைய சாமான் கடைகளில் காலையிலிருந்து அலைந்து மூன்றாவது கடையில் கிடைத்தது. இன்ஜினை மட்டும் வாங்காமல் கிளட்ச் ஹவுசிங், நாலு கியர் பெட்டி எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்தோம். தனித்தனியாக வாங்கினால் கிளட்ச் பிளேட்டும் கியர்பெட்டி ஷாஃப்டும் ஒத்துப்போகாமல் லேத்துக்கு நடக்க வேண்டிவரும். அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார், பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று. இல்லை. தண்ணீர் கலக்கவில்லை. இன்ஜின் நம்பர் போட்டுப் பில் கேட்டு வாங்கினேன், ஆர்.டி.ஓ.வில் அது இல்லாமல் நடக்காது.

62 ஆயிரம். சனிக்கிழமைதான் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் வழியில் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் பணத்தைக் கடையிலிருந்தே பேங்க் மூலம் அனுப்பினேன்.

31 மார்ச், ஞாயிறு

இரும்புக் குழாயில் முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கில் இன்ஜினை இறக்கினோம். பழைய மவுண்டிங் எதுவும் பொருந்தவில்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்புக்கும் முன் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு, ஃபேன் ரேடியேட்டரைத் தொடாமல் பின்னுக்குத் தள்ளிப் புது மவுண்டிங் வெல்டிங் செய்தது இரண்டு நாள் வேலை. குழியில் வண்டி குதிக்கும்போது அந்த இரண்டு விரல் இடம் காணாமல் போய்விடும். டீசல் இன்ஜின் கனமும் அதிகம். அதனால் முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டா கூடுதலாகப் போட்டோம்.

கியர்பெட்டியின் நீளம் மாறியதால் அங்கிருந்து ஆக்சில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப் ஷாஃப்ட் இரண்டையும் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து நீளம் திருத்தி, பேலன்ஸ் பார்த்து வாங்கி வந்தேன்.

பின் ஆக்சில் மூடியைத் திறந்தபோது பல் எண்ணினேன். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தில் 8, கிரவுன் என்கிற பெரியதில் 43. அதாவது 5.38 விகிதம். இழுவைக்கு அருமை, வேகத்துக்கு இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 3200 சுற்றில் ஓடினாலும் மணிக்கு 75 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். மாற்றலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று. அம்மா வேப்பம்பூ ரசம் வைத்தது. சாப்பிட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு.

பழைய டேங்கை ஏற்கெனவே மூன்று தடவை கழுவி, மேலே ஒரு துளை போட்டு ரிட்டர்ன் பைப்புக்கு வழி செய்திருந்தோம். இந்த மாதிரிப் பழைய பெட்ரோல் வண்டிக்கு அது இருக்காது. டீசல் வண்டியில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நோசிலிலும் பம்பிலும் மிஞ்சுகிற டீசல் திரும்பி டேங்குக்கு வர வேண்டும். டீசல் ஊற்றியதும் இன்ஜின் ஓடிவிடாது, காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் மேல் இருக்கிற சின்ன போல்ட்டை இளக்கிவிட்டு லிஃப்ட் பம்பின் கைப்பிடியை நான் அடிக்க அடிக்க, முதலில் வெறும் புஸ் சத்தம், அப்புறம் சோப்பு நுரை மாதிரி, கடைசியில் குமிழே இல்லாமல் மஞ்சளாக ஒழுகியது. போல்ட்டை இறுக்கினோம். பிறகு நோசில் பைப் நட்டு நாலையும் இளக்கி ஸ்டார்ட்டரைச் சுற்ற, ஒவ்வொன்றிலும் சொட்டாகத் தெறித்தது. ஒவ்வொன்றாக இறுக்கினார் அண்ணன். நாலாவது நட்டு இறுகும் முன்பே மூன்று சிலிண்டரில் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது!

தகரம் அதிர்ந்தது. கோழிகள் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஓடின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

28 ஏப்ரல், ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கொளுக்கட்டைப் புல் கருகிக் கிடக்கிறது, மாடுகள் வெள்வேல் மர நிழலை விட்டு நகரவில்லை. டிங்கரிங் முடிந்து பழைய பச்சை நிறமே அடித்தாயிற்று. பெட்டிக்கு ஆறு பலகை புதிது, மற்றவை அப்பாரு போட்டதுதான். பழைய பிளாக்கை எடைக்குப் போடவில்லை. அதற்கு எண்ணெய் தடவிச் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. ஆய்வுக்குத் தேதி வரவில்லை. அதுவரை ரோட்டுக்கு எடுக்க மாட்டோம், தோட்டத்துக்குள் மட்டும்தான்.

இன்று அப்பா ஓட்டினார். கிணற்று மேட்டிலிருந்து களத்துக்கு முந்நூறு தேங்காய். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே ஏறியது. களத்தில் நிறுத்திப் பழைய பழக்கத்தில் சாவியைத் திருப்பினார். இந்தப் பழைய மாதிரி டீசல் இன்ஜின் சாவிக்கு நிற்காது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே புதிதாக வைத்த ஸ்டாப் கம்பியைக் காட்டினேன். கம்பியில் கை வைத்தவர் இழுக்கவில்லை.

“இருக்கட்டும் கண்ணு, கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்றார்.